ஒரு தேதி, ஒரு மாலை: மதுரைக் கோடையில் வரலாற்று விருந்து வைக்க முழுமையான வழிகாட்டி

கோடை விடுமுறையில் உறவினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி ஒரு மாலை விருந்து வைக்க நினைக்கிறீர்களா? கடையில் விற்கும் பலூன் வளைவுகளையும் கார்ட்டூன் அட்டைகளையும் தேடி அலைய வேண்டாம். வரலாற்றிலிருந்து ஒரு தேதியைப் பிடியுங்கள். தேதி என்றால் அதற்கு ஓர் ஆண்டு உண்டு. அந்த ஆண்டில் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு வயது இருந்திருக்கும். 1957-ல் பத்து வயதுச் சிறுவனாக இருந்த தாத்தாவுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. வழக்கமான விருந்துகளில் மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடும் அவர்தான் இந்த விருந்தின் நாயகர். இப்படிப்பட்ட விருந்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

முதல் வேலை: தேதியைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரல் தொடங்கி ஜூலை நடு வரைக்குள் வரும் தேதியாகப் பாருங்கள். அதை நேரில் கண்டவர் வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நடந்த இடமாவது ஊரில் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, அந்தத் தேதியோடு சேர்ந்த ஒரு காரியத்தை விருந்தினர்கள் தங்கள் கையால் செய்ய முடிய வேண்டும். சுவரில் நாலு படம் ஒட்டினால் தேதி வீட்டுக்குள் வந்துவிடாது. வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், கைப்பேசியில் எடுத்துக்கொள்வார்கள், சாப்பிட்டுப் போய்விடுவார்கள்.

மதுரைக்கென்று அருமையான தேதிகள் பல இருக்கின்றன. ஆனால் எல்லாம் கோடையில் வருவதில்லை. பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்டது 1901 செப்டம்பர் 14. மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22. பெரியாறு அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபர் 10. இவற்றை அந்தந்த மாதத்துக்கே விட்டுவையுங்கள். விடுமுறைக்காக மே மாதத்துக்கு இழுத்து வந்தால் பிள்ளைகள் மனதில் தவறான தேதி பதிந்துவிடும். பக்கத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிக்கொள்வதில் தவறில்லை. அழைப்பில் மட்டும் உண்மையான தேதியைப் போட்டுவிடுங்கள்.

வெயிலையும் திருவிழாவையும் கணக்கில் கொள்ளுங்கள்

நாளைக் குறிக்கும் முன் சித்திரைத் திருவிழா எப்போது என்று காலண்டரில் பாருங்கள். திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று அந்த வாரம் முழுக்க மாசி வீதிகளும் தல்லாகுளமும் கோரிப்பாளையமும் மக்கள் வெள்ளத்தில் இருக்கும். அந்த வாரத்தில் யாரையும் வீட்டுக்கு அழைக்காதீர்கள். அழைத்தாலும் வந்து சேர முடியாது.

மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசி வரை கத்திரி வெயில். மொட்டை மாடி விருந்து என்றால் மாலை ஆறு மணிக்கு முன் யாரையும் மேலே ஏற்றாதீர்கள். நாலரை மணிக்கு ஒரு தடவையும் ஐந்தரைக்கு ஒரு தடவையும் தரையில் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். முதல் தடவை ஊற்றிய தண்ணீர் ஆவியாகப் பறந்துவிடும். இரண்டாவதுதான் தரையைக் குளிர வைக்கும். அதற்குப் பிறகு ஜமுக்காளம் விரிக்கலாம். பெரியவர்கள் மாடி ஏறச் சிரமப்பட்டால் மாடியை மறந்துவிட்டு வாசலிலேயே கீற்றுப் பந்தல் போடுங்கள்.

அழைப்பு

அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். இந்தியாவில் அஞ்சலட்டை அறிமுகமானது 1879 ஜூலை 1. அன்று அதன் விலை காலணா. இன்று ஐம்பது பைசா. பிள்ளைகள் கையால் முகவரி எழுதி, தெருமுனைத் தபால் பெட்டியில் தாங்களே போடட்டும். விருந்துக்குப் பத்து நாள் முன்னதாக அனுப்பிவிட வேண்டும். அட்டையில் மூன்று விஷயங்கள் போதும்: வரலாற்றுத் தேதி, விருந்து நாள், வரும்போது கொண்டுவர வேண்டிய ஒரு பொருள். “உங்கள் வீட்டில் கிடக்கும் ஒரு பழைய நாணயத்தோடு வாருங்கள்” என்று எழுதியிருந்தால், வருகிறவர் அன்றே பரணில் ஏறித் தேட ஆரம்பித்துவிடுவார். விருந்து அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1957 ஏப்ரல் 1: அணாவும் நயா பைசாவும்

முதன்முறை வைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்தத் தேதியைத்தான். அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 காலணா, ஒரு காலணாவுக்கு 3 தம்படி. ஆகமொத்தம் ரூபாய்க்கு 192 தம்படி. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய நாணயங்களும் புதியவையும் சில காலம் சேர்ந்தே புழங்கின. 1964 ஜூன் 1-ல் ‘நயா’ என்ற ஒட்டு நீங்கி வெறும் பைசா ஆனது. வீட்டில் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர் இருந்தால் அந்தக் குழப்பத்தை அவர் கடைவாசலில் நின்று பார்த்திருப்பார்.

இரண்டு வாரம் முன்னதாகவே நாணயம் சேர்க்கத் தொடங்குங்கள். சாமி உண்டியல், பழைய டிரங்குப் பெட்டி, அப்பத்தாவின் சுருக்குப்பை எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துத் துழாவுங்கள். கிடைப்பதை ஒரு தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். விளக்குப் பொடியும் புளியும் போட்டுத் தேய்க்காதீர்கள்; அந்தக் கறுப்பும் நாணயத்தின் வயதைச் சொல்கிறது. சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளாதபடி எட்டத்தில் இருக்கட்டும்.

விளையாட்டுக்குத் தடித்த அட்டையில் நாணயம் வெட்டிக்கொள்ளுங்கள். ஓரணாவுக்கு வளைவு வளைவான விளிம்பு. இரண்டணா சதுரம், முனை மட்டும் மழுங்கல். காலணாவுக்கு நடுவில் ஓட்டை. 1943 முதல் 1947 வரை அச்சான காலணா அப்படித்தான் இருந்தது. பைசாவில் 5 சதுரம், 10 வளைவு விளிம்பு. வடிவங்கள் இப்படி மாறி மாறி இருப்பதால் ஒரு நல்ல ஆட்டம் கிடைக்கிறது. அட்டை நாணயங்களைச் சுருக்குப்பைக்குள் போட்டு, பார்க்காமல் கையை விட்டு, கேட்ட நாணயத்தை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டணா என்றதும் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருப்பார்கள். அப்பத்தா கட்டைவிரலை விளிம்பில் ஓட்டிப் பார்த்து, பேச்சை நிறுத்தாமலே சதுரத்தை எடுத்து வெளியே வைத்துவிடுவார்.

அடுத்தது பெட்டிக்கடை. ஒரு மேசை, நாலைந்து கண்ணாடி ஜாடிகள். தேன்மிட்டாய், கடலைமிட்டாய், கமர்கட், சூடமிட்டாய், இலந்தை வடை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, வெள்ளரிப்பிஞ்சு. விலையெல்லாம் அணாவில் எழுதியிருக்க வேண்டும். விருந்தினர்களில் பாதிப் பேருக்கு 16 அணா, மீதிப் பேருக்கு 100 பைசா கொடுங்கள். கல்லாவில் வீட்டின் மூத்தவர் உட்காரட்டும். பலகையில் இந்த மாற்று விகிதத்தை எழுதித் தொங்கவிடுங்கள்: ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணா என்பது உண்மையில் ஆறேகால் பைசா. முழுப் பைசாவாக்கும்போது வருகிற வெட்டு இது.

இந்த வெட்டில்தான் விருந்தின் சுவாரசியம் இருக்கிறது. ஓரணா மிட்டாய் நாலையும் சேர்த்து வாங்கினால் 25 பைசா. ஒவ்வொன்றாக நாலு தடவை வாங்கினால் 24. இதை யாரும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் ஏதாவதொரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். பிறகு கடைமுன் வரிசை நீளும், கல்லாவில் இருக்கும் தாத்தா சத்தம் போடுவார். அணா வைத்திருப்பவர் மூன்றணாவுக்கு வாங்கி நாலணா கொடுத்தால் மீதி 6 பைசாவா, ஓரணாவா என்று வாக்குவாதம் வரும். வரட்டும். 1957-ல் கடைகளில் நடந்ததைப் பிள்ளைகள் அப்போதுதான் புரிந்துகொள்கிறார்கள்.

ஏப்ரல் 1 பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம் என்றால் இதே விருந்தை ஜூன் 30-க்கு வைத்துக்கொள்ளலாம். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாமல் போனது 2011-ல் அந்த நாளில்தான். அப்போது கடை விலையை ‘நாலணா’ என்ற ஒற்றை விலையாக வைத்து, தாம்பாளத்தில் 25 பைசா நாணயங்களை மட்டும் குவியுங்கள். இதற்கு நாற்பது வயதுக்காரர்களே சாட்சி சொல்லிவிடுவார்கள்.

1971 மே 1: ஊரையே தரையில் வரைவது

1866-ல் நகராட்சியான மதுரை, 1971 மே 1-ல் மாநகராட்சி ஆனது. தொழிலாளர் நாள் என்பதால் விடுமுறையும் கிடைக்கிறது. செலவே இல்லாத விருந்து இது. ஒரு கிலோ கோலமாவும் கொஞ்சம் நீலப் பொடியும் இருந்தால் போதும்.

நம் ஊரைப்போல வரைவதற்கு எளிதான ஊர் வேறு எது? நடுவில் கோயில் என்று ஒரு சின்னச் சதுரம், மதிலுக்குள்ளேயே ஆடி வீதி. அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. நாற்புறமும் ஓடும் சதுரங்கள். வடக்கே நீலப் பொடியில் வைகை. தென்கிழக்கில் திருமலை நாயக்கர் மகால், அதையும் தாண்டிக் கிழக்கே வண்டியூர்த் தெப்பக்குளம். மேல வெளி வீதியை ஒட்டி ரயில் நிலையம். தெற்கே பரங்குன்றம், வடக்கே அழகர்மலை. திசை பிசகாமல் வரையுங்கள். மாடியிலிருந்து கோபுரம் தெரிந்தால் அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். குறைந்தது பன்னிரண்டு அடிச் சதுரம் வேண்டும், ஆட்கள் வீதிக்குள் நடக்க வேண்டுமே.

வெளி வீதி வரையும்போது பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள். அங்கே ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அவற்றை இடித்து, தூர்த்து, ஊரை வெளியே விரிய வைத்தார். அந்த வேலையை முன்னின்று பார்த்தவர்களின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிகளுக்கும். விளக்குத்தூண் பிளாக்பர்னுக்கு ஊர் வைத்த நினைவுச் சின்னம்.

வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து புளியங்கொட்டை. பிறந்த இடத்தில் ஒன்று, படித்த பள்ளியில் ஒன்று, முதன்முதலில் சம்பளம் வாங்கிய இடத்தில் ஒன்று, கல்யாணம் நடந்த மண்டபத்தில் ஒன்று. ஐந்தாவதை இப்போது இல்லாமல் போன ஓர் இடத்தில் வைக்க வேண்டும். இந்த ஐந்தாவதுக்கு நிறைய நேரம் விடுங்கள். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் கொட்டைகள் குவியும். அங்கே பார்த்த படம், டிக்கெட்டுக்கு நின்ற வரிசை, யார் யாரைக் கூட்டிப்போனார்கள் என்று பேச்சு ஓடத் தொடங்கினால் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். அக்கா மகன் ஒருவன் கையில் நோட்டைக் கொடுத்து, யார் எங்கே கொட்டை வைத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மறுநாள் காலை வாசல் தெளிப்பதுபோல் மாடியும் கழுவப்பட்டுவிடும், நோட்டு இருக்கும்.

1939 ஜூலை 8: ஒரே பந்தி

இந்தத் தேதியை விருந்தாக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். ஆக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வண்ணத்தாளும் விளையாட்டும் இதற்கு வேண்டாம்.

1939 ஜூலை 8 காலையில் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் நாடார் சமூகத்தவரான சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்ப்பு பலமாக இருந்தது. ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்து அந்த நுழைவுக்குப் பாதுகாப்புத் தந்தது. எல்லோருக்கும் கதவு திறக்காத கோயிலுக்குள் வர மறுத்திருந்த காந்தி, 1946-ல்தான் இந்தக் கோயிலுக்குள் வந்தார். மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் பின்னாளில் தமிழ்நாட்டின் அமைச்சரானார்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரே வரிசையில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது. யாரை அழைக்கிறீர்கள் என்பதில்தான் இந்த விருந்தின் முழு அர்த்தமும் இருக்கிறது. தெருவைக் கூட்டுகிறவர், துணி தேய்த்துத் தருகிறவர், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா எல்லோரையும் குடும்பத்தோடு அழையுங்கள். நேரில் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, உறவினரை அழைப்பதுபோலவே அழைக்க வேண்டும். அன்று அவர்கள் கையில் கரண்டி கொடுக்கக் கூடாது. பரிமாறுவது வீட்டுக்காரர்கள் வேலை, இலை எடுப்பதும் அவர்களே. வந்தவர்கள் உட்கார்ந்த பிறகு ‘நீங்கள் அந்தப் பக்கம்’ என்று யாரையும் நகர்த்தாதீர்கள். கடைசியில் எஞ்சியதைப் பொட்டலம் கட்டி ஒரு சிலருக்கு மட்டும் கொடுத்தனுப்பும் பழக்கமும் அன்று வேண்டாம்; கொடுப்பதானால் எல்லோருக்கும் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன், அன்று நடந்ததை ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் எழுந்து நின்று சொல்லட்டும். அதற்குமேல் பேச்சு வேண்டாம்.

இன்னும் சில தேதிகள், சுருக்கமாக

1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கிரிக்கெட் பித்துப் பிடித்த வீட்டுக்கு இது போதும். இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140, வெற்றி 43 ஓட்டங்களில். அன்று இந்திய அணியில் அதிக ஓட்டம் எடுத்தவர் நம் ஸ்ரீகாந்த், 38. தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். குரல் வளமுள்ள மாமா ஒருவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தின் முக்கியக் கட்டங்களை வானொலி வர்ணனைபோல் சொல்ல, மற்றவர்கள் காதால் கேட்டே ஓட்டக் கணக்கை எழுத வேண்டும். மதன்லால் பந்தில் ரிச்சர்ட்ஸ் தூக்கியடித்ததைக் கபில்தேவ் பின்னோக்கி ஓடிப் பிடித்த இடத்தில் குரலை உயர்த்தத் தெரிந்தவராகப் பார்த்து மாமாவைத் தேர்ந்தெடுங்கள்.

1959 ஏப்ரல் 15. தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்த நாள். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை அது. தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள் வருவதால் வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள். இதைக் காலை விருந்தாக வையுங்கள்: திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிக் கூழும் மோர்மிளகாயும். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போவது நல்லது.

சாப்பாடும் குடிநீரும்

கணக்கு 25 பேருக்கு. நீர்மோருக்கு ஒன்றரை லிட்டர் தயிர், நாலரை லிட்டர் தண்ணீர். முப்பது டம்ளர் வரும். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை நசுக்கிப் போட்டு மண்பானையில் வையுங்கள். பானகத்துக்கு அரைக் கிலோ வெல்லம், நாலு லிட்டர் தண்ணீர், நாலு எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். இவை இல்லாமல் தனியாகக் குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது இருக்க வேண்டும்.

ஜிகர்தண்டா இல்லாமல் மதுரையில் கோடை விருந்து கிடையாது. வீட்டில் செய்வதானால் முதல் நாள் இரவே முப்பது கிராம் பாதாம் பிசினை நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் பாத்திரம் கொள்ளாமல் ஊதியிருக்கும். ஐந்து லிட்டர் பாலை மூன்று லிட்டராகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டுங்கள். பரிமாறும்போதுதான் பிசின், நன்னாரி சர்பத், பால், மேலே ஐஸ்கிரீம் என்று சேர்க்க வேண்டும். முன்கூட்டியே கலந்து வைத்தால் எல்லாம் ஒன்றாகக் கரைந்து சப்பென்று ஆகிவிடும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், பால் அதிகமாகவும் தயிர் குறைவாகவும் ஊற்றிப் பிசைந்த தயிர்சாதம், மாவடு, வத்தல். தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரம் தாங்காது. நுங்கு கிடைத்தால் விருந்தன்று மதியம் வாங்குங்கள், முதல் நாளே வாங்கி வைக்காதீர்கள்.

மாலை எப்படிப் போக வேண்டும்

ஆறு மணிக்கு வரவேற்பு, கையில் பானகம். ஆறேகாலுக்கு அன்றைய தேதியில் என்ன நடந்தது என்று ஒருவர் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். ஆறரை முதல் எட்டு வரை கடையோ, கோலப் படமோ, வர்ணனையோ, அந்த ஒரு காரியம். இடையில் வேறு போட்டி எதையும் நுழைக்காதீர்கள். எட்டு மணிக்குச் சாப்பாடு. ஜூலை 8 விருந்தில் மட்டும் சாப்பாடே காரியம் என்பதால் ஏழு மணிக்கே இலை போட்டுவிடலாம். சாப்பிட்டு முடிந்து ஜிகர்தண்டா கைக்கு வந்த பிறகு, அந்த ஆண்டை நேரில் கண்டவர் பேசட்டும். முதலில் பேசச் சொன்னால் கூச்சப்படுவார். விளையாட்டில் கலந்துகொண்டு வயிறும் நிறைந்த பிறகு அவரே பேசுவார். கைப்பேசியில் பதிவுசெய்ய ஒருவரை முன்பே நியமித்துவிடுங்கள். அவர் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

மே மாதத்தில் சாயங்காலம் திடீரென்று இடி மின்னலோடு மழை கொட்டுவது நம் ஊரில் வழக்கம். மேற்கே கருத்தால் உடனே எல்லோரையும் கீழே இறக்கிவிடுங்கள். நாணய விருந்தைக் கூடத்தில் அப்படியே தொடரலாம். கோலப் படத்துக்கு மாற்றாக ஒரு பழைய வெள்ளை வேட்டியில் அதே சதுரங்களைப் பென்சிலால் முன்கூட்டியே வரைந்து மடித்து வைத்திருங்கள். கூடத்தில் விரித்தால் புளியங்கொட்டைகளை அதன்மேல் வைக்கலாம்.